வாசல்வரை வருமா மனநல வைத்தியம்?

சென்னையில் 160-க்கும் மேற்பட்டவர்கள், கனடாவின் மான்ட்ரியலில் 160-க்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலும் இளவயதினர். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே தொல்லை. ஆளில்லாத இடத்தில் காதில் குரல் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் தன்னைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார் என்று அடித்துச் சொல்வார்கள். டி.வி. செய்தியில் தன்னைப் பற்றித்தான் ஜாடையாகப் பேசுகிறார்கள் என்று பதறுவார்கள். ‘சைக்கோசிஸ்’ என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நிலை முதன்முறையாகத் தாக்கியவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, இரண்டு ஊர்களிலும் ஒரே திட்டப்படி இரண்டு ஆண்டுகள் சிகிச்சை கொடுத்தார்கள். அங்கே மெக்கில் பல்கலைக்கழகம். இங்கே அண்ணா நகரில் இருக்கும் ‘ஸ்கார்ஃப்’ எனும் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை.

முடிவுகள் 2020-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளிவந்தன. குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவை இரண்டு ஊர்களிலும் ஒரே அளவில் அடங்கியிருந்தன. ஆனால், இந்த நோயின் இன்னொரு முகம் இருக்கிறதே... குளிக்காமல், பேசாமல், எதிலும் ஒட்டாமல் ஒரு மூலையில் முடங்கிக் கிடப்பது, அதில் சென்னை முந்தியிருந்தது. வேலைக்குப் போவது, வீட்டு வேலையில் கைகொடுப்பது, நாலு பேருடன் பழகுவது என அன்றாட வாழ்க்கைக்குத் திரும்பியதிலும் சென்னைக்காரர்களே மேல். பாதியில் சிகிச்சையை விட்டு நழுவியவர்களும் இங்கே குறைவு.

உலகின் மிகச்சிறந்த பொது மருத்துவத் திட்டங்களில் ஒன்றைக் கையில் வைத்திருக்கும் நாட்டைச் சென்னை எப்படி முந்தியது? ஆய்வாளர்கள் கைகாட்டும் காரணங்களில் முதன்மையானது, ஆஸ்பத்திரி பெஞ்சில் நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள். அம்மா, அப்பா, அண்ணன், அத்தை என யாராவது ஒருவர். மான்ட்ரியலில் நாளாக ஆகக் குடும்பத்தின் வருகை தேய்ந்துபோனது. சென்னையில் அது கடைசிவரை தொடர்ந்தது.

‘பார்த்தீர்களா, நம் குடும்ப அமைப்பின் பெருமையை!’ என்று இந்த இடத்திலேயே மேசையைத் தட்டிவிட்டு எழுந்துவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால், அதே குடும்பம்தான் நோயாளிகளைச் சங்கிலியில் பிணைத்துவைத்த ஏர்வாடிக் காப்பகங்களுக்கும் ஆட்களை அனுப்பிவைத்தது.

ஒரு நம்பிக்கையின் கதை

ஏழை நாடுகளில், சைக்கோசிஸ் வகை நோய்களில் முக்கியமான மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) சீக்கிரம் தணிந்துவிடுகிறது என்ற எண்ணம் நெடுநாளாக உலகெங்கும் பாடப்புத்தகங்களில் இருந்துவருகிறது. அதற்கு விதை போட்டது உலக சுகாதார நிறுவனம். 1960-களின் இறுதியில் ஒன்பது நாடுகளில் அது ஓர் ஆய்வைத் தொடங்கியது. இந்தியாவில் ஆக்ரா, நைஜீரியாவில் இபாடான், கொலம்பியாவில் காலி ஆகிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், வாஷிங்டனிலும் லண்டனிலும் இருந்தவர்களைவிட ஆக்ராவிலும் இபாடானிலும் இருந்தவர்கள் நன்றாக இருந்தார்கள். அடுத்து வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்ல, ‘வளரும் நாடுகளின் அனுகூலம்’ கேள்வி கேட்கப்படாத உண்மையாகிவிட்டது.

சென்னையும் இதற்குச் சாட்சி சொன்ன ஊர்தான். 1981-82-இல் இங்கே சிகிச்சைக்கு வந்த 90 பேரை ஓர் ஆய்வுக்குழு பதிவுசெய்துகொண்டது. பதிவுசெய்ததோடு விட்டுவிடாமல் ஆண்டுக்கணக்கில் அவர்களைத் தேடித் தேடிப் போனது. வீடு மாறினால் புது வீட்டுக்கு, ஊர் மாறினால் அந்த ஊருக்கு. டாக்டர் ஆர்.தாரா முன்னின்று நடத்திய இந்த ‘மெட்ராஸ் ஆய்வு’, கால் நூற்றாண்டு நீண்டது. இத்தனை காலம் நோயாளிகளைத் தொடர்ந்த ஆய்வுகள் உலகிலேயே சொற்பம். பத்தாண்டு முடிவில் பெரும்பாலானவர்கள் நல்ல நிலையில் இருந்தார்கள். கல்யாணம் ஆனவர்கள், வேலையில் நிலைத்தவர்கள் நிறைய. மேலைநாட்டு மருத்துவர்கள் புருவத்தை உயர்த்தினார்கள்.

25 ஆண்டு முடிவில் வேறொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. அந்த 90 பேரில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். சேரும்போது எல்லோரும் இளைஞர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். தற்கொலை ஒரு காரணம். கவனிக்கப்படாத உடல் நோய்கள் இன்னொன்று. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாரடைப்பும் சர்க்கரையும்தான் பலரைக் கொண்டுபோகின்றன. சில புதிய மாத்திரைகள் எடையை ஏற்றிவிடும். மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், ‘அது அவனோட மனப்பிரமை’ என்று சுற்றியிருப்பவர்கள் தள்ளிவிடுவதும் நடக்கிறது.

2008-இல் அலெக்ஸ் கோஹன், விக்ரம் படேல், தாரா, நைஜீரியாவின் ஓயே குரேஜே ஆகிய நான்கு ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். 11 நாடுகளின் 23 ஆய்வுகளை அலசிய அந்தக் கட்டுரை, ‘ஏழை நாடுகளில் நிலைமை மேல்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது என்றது. மரணங்கள், சிகிச்சையே பெறாதவர்கள், ஆய்வின் பாதியில் காணாமல்போனவர்கள் என எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால் படம் மாறிவிடுகிறது. தங்கள் ஊருக்குப் பெருமை சேர்த்த ஒரு முடிவைத் தாங்களே கேள்விக்கு உட்படுத்திய தாராவும் குரேஜேவும் பாராட்டுக்குரியவர்கள். நம் ஆராய்ச்சி உலகில் இது அடிக்கடி நடப்பதில்லை.

பெண்கள் விஷயத்தில் குடும்பப் பெருமை இன்னும் சீக்கிரம் வெளுத்துப்போகிறது. மனச்சிதைவு வந்து, கணவரால் கைவிடப்பட்ட பெண்களைப் பற்றி ஸ்கார்ஃப் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பலருக்குச் சட்டப்படி விவாகரத்துகூட ஆகவில்லை. பிறந்தகத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனதோடு சரி. ஜீவனாம்சம் பெற்றவர்களைத் தேட வேண்டியிருந்தது. நோய் வந்ததைவிட, ‘வாழாவெட்டி’ என்ற பேச்சுதான் அந்தப் பெண்களை அதிகம் வாட்டியது. வயதான பெற்றோரிடம் இருந்தது ஒரே கேள்வி. மனநல மருத்துவமனை வராந்தா எதிலும் இன்றைக்கும் அதைக் கேட்கலாம்: ‘எங்க காலத்துக்கு அப்புறம் இவளை யார் பாத்துக்குவா?’

சங்கிலியும் சந்நிதியும்

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றி முளைத்திருந்த தனியார் காப்பகங்களில் ஒன்றில் விடிவதற்கு முன்பே தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் செத்துப்போனார்கள். ஒரே வாரத்தில் அங்கிருந்த காப்பகங்களுக்கெல்லாம் பூட்டுப் போட்டது அரசு. 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசுப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 2007-இல் காப்பகத்தை நடத்தியவர்களுக்கு ஏழாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

பெற்ற பிள்ளையைச் சங்கிலியில் விட்டுவிட்டுப் போனவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று திட்டிவிடுவது சுலபம். அவர்களில் பலர் அதற்கு முன் ஊர் ஊராக அலைந்து, நகையை விற்று, நிலத்தை அடகுவைத்து, வேறு வழி தெரியாமல் வந்தவர்கள். அருகில் மனநல மருத்துவர் கிடையாது. இருந்தாலும் ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’க்குக் கூட்டிப்போனால் தங்கைக்கு மாப்பிள்ளை வராது. தர்காவிலும் கோயிலிலும் அந்தக் கவலை இல்லை. அங்கே போனால் அது ‘காத்து கருப்பு’. யாருக்கு வேண்டுமானாலும் வரலாம், போகலாம்.

ஏர்வாடித் தீவிபத்து நடந்து ஓராண்டு முடிவதற்குள், 2002 ஜூலையில், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர் ஆர்.ரகுராமும் அவரது குழுவினரும். தமிழகத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரின் முத்துசாமி கோயிலுக்கு வந்து தங்கிய 31 பேரை அவர்கள் கவனித்தார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு உள்ளவர்கள். மருந்து இல்லை, மந்திரச் சடங்கு என்று பெரிதாக எதுவும் இல்லை. காலையில் பூஜை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது மாதிரியான வேலை. கூடவே வீட்டு ஆள் ஒருவர். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். கிளம்பும்போது நோய்க்குறிகளின் அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. பல மருந்துச் சோதனைகளில் கிடைக்கும் பலனுக்கு இது ஈடு என்று எழுதினார்கள்.

மருத்துவ உலகம் கொதித்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை; 31 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை; வெளியே போன பிறகு என்ன ஆயிற்று என்பதும் தெரியாது. எல்லாமே நியாயமான ஆட்சேபங்கள். கோயிலே போதும் என்று இதை வைத்து வாதாட முடியாது. ஆனாலும், அதட்டல் இல்லாத இடம், கைக்கு ஒரு வேலை, பக்கத்தில் ஓர் ஆள் ஆகிய மூன்றும் கிடைத்தால் மனிதர் தேறுகிறார் என்ற செய்தியைப் புறந்தள்ளவும் முடியாது. இந்தத் தகவலை வேலூர் சி.எம்.சி. முன்பே தெரிந்து வைத்திருந்தது. பாகாயத்தில் 1950-களில் அது தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியுடன் குடும்பத்தில் ஒருவரும் தங்கியாக வேண்டும் என்பது விதி.

பிறகு அரசும் வழிக்கு வந்தது. ஏர்வாடி தர்காவிலேயே மருத்துவர் உட்கார்ந்து பார்க்கும் ‘தவா - துவா’ திட்டம் கொண்டுவரப்பட்டது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் வெற்றிகண்ட ஏற்பாடு இது. தொழுகையை விடச் சொல்லவில்லை. தொழுதுவிட்டு மாத்திரையும் போட்டுக்கொள் என்பதுதான் கோரிக்கை. தர்காவோடு மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ புத்திசாலித்தனம்.

எழுபது ஆண்டுகளாக ஒரே பூட்டு

ஆராய்ச்சிக் கூடங்களின் கதைக்கு வருவோம். 1952-இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து மனநோய்க்குப் பயன்படுத்தப்பட்டபோது மனநல மருத்துவமே புரண்டு படுத்தது. குளிர்நீர்த் தொட்டியும் மூளை அறுவையும் ஒழிய அது வழிவகுத்தது. அதன்பின் வந்த மருந்துகள் எல்லாம், பழையதோ புதியதோ, மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுப்பதையே முக்கிய உத்தியாகக் கொண்டிருந்தன. குரல்களை அடக்கும் இந்த மருந்துகளால், மூலையில் முடங்கியவரை எழுப்பி உட்காரவைக்க முடிவதில்லை.

எழுபது ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில், டோபமைன் பூட்டைத் தொடாமல் வேறு வழியில் மூளைக்குள் போகும் ஒரு மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பெயர் கோபென்ஃபி. ஜனோமெலின், ட்ரோஸ்பியம் என்ற இரண்டு மருந்துகளின் கூட்டு. முதலாவது, 1990-களில் மறதி நோய்க்காக எலி லில்லி நிறுவனம் சோதித்து, குமட்டல் வாந்தி தாங்காமல் பரணில் போட்ட சரக்கு. இரண்டாவது, அடிக்கடி சிறுநீர் போகும் தொல்லைக்குக் கொடுக்கும் பழைய மாத்திரை. இது மூளைக்குள் போகாது. உடம்பில் வரும் பக்கவிளைவை இரண்டாவது தடுக்கும், மூளையில் முதலாவது வேலை செய்யும் என்று யாருக்கோ தோன்றியதில் பிறந்தது இந்த ஜோடி.

கொண்டாட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. அதே பாதையில் வந்த இன்னொரு மருந்தான எம்ராக்ளிடின், 2024 நவம்பரில் இரண்டு சோதனைகளிலும் வெறும் மாவு மாத்திரையை வெல்ல முடியாமல் தோற்றது. பழைய மருந்தோடு கோபென்ஃபியைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சோதனையும் 2025-இல் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. விலை? அறிமுகமானபோது அமெரிக்காவில் மாதத்துக்கு சுமார் 1,850 டாலர். நம் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டும்.

மரபணு ஆராய்ச்சியிலும் இதே இழுபறிதான். 2022-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த மாபெரும் ஆய்வு, 76,000-க்கும் மேற்பட்ட மனச்சிதைவு நோயாளிகளின் மரபணுக்களை அலசி, நோயோடு தொடர்புடைய 287 இடங்களைக் கண்டுபிடித்தது. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. அதிலும் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வம்சாவளியினர். இதுபோன்ற ஆய்வுகளில் தொடரும் இந்தக் குறையைப் போக்க ஸ்கார்ஃப் முன்பே, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து தமிழகக் குடும்பங்களிடம் ஆண்டுக்கணக்கில் ரத்த மாதிரி சேகரித்தது. 2019-இல் வெளிவந்த முடிவு, நயாசின் எனும் வைட்டமின் பி-3 உடம்பில் செயல்படும் விதத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணுவைச் சுட்டிக்காட்டியது. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்கு ஓடிப்போய் பி-3 வாங்க வேண்டாம். தொடர்பு வேறு, சிகிச்சை வேறு. நடுவே இன்னும் நீண்ட தூரம் இருக்கிறது.

ஆக, இன்றைய தேதிவரை மனச்சிதைவைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேனும் இல்லை. மருத்துவர் உட்காரவைத்துப் பேசி, வீட்டாரை விசாரித்துத்தான் நோயைத் தீர்மானிக்கிறார். இருக்கிற மருந்துகளையாவது ஒழுங்காகப் பயன்படுத்துகிறோமா என்றால் அதுவும் இல்லை. மற்ற மருந்துகளுக்கு மசியாதவர்களுக்குக் கைகொடுக்கும் குளோசபின் பழைய மருந்து. ரத்த வெள்ளணுக்கள் அபூர்வமாகக் குறைந்துவிடும் ஆபத்து இருப்பதால் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்தே பல நாடுகளில் மருத்துவர்கள் அதை எழுதத் தயங்குகிறார்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கட்டாயமாகப் பதிவுசெய்யும் நடைமுறையையே அமெரிக்கா 2025-இல் கைவிட்டது.

புதுக்கோட்டைப் பேருந்து

2016-இல் நிம்ஹான்ஸ் வெளியிட்ட தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்தப்பட்டது. வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலச் சிக்கல் இருந்தது. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்கள், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம். சர்க்கரை நோயாளிகளில் முக்கால்வாசிப் பேருக்கு மருந்தே கிடைக்கவில்லை என்று ஒரு செய்தி வந்தால் சட்டசபை அதிரும். இதற்கு அதிரவில்லை.

இப்படிப்பட்ட இடைவெளியை நிரப்பத்தான் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் 2010 முதல் ஒரு பேருந்து ஓடியது. ஸ்கார்ஃப் அனுப்பியது. உள்ளே ஒரு பக்கம் கேமராவும் திரையும் கொண்ட சிறிய அறை. இன்னொரு பக்கம் மருந்துக்கடை. குறித்த நாளில் குறித்த ஊரில் வண்டி நிற்கும். நோயாளியும் வீட்டாரும் ஏறி அறைக்குள் உட்கார்ந்தால், திரையில் சென்னையிலிருந்து மருத்துவர் பேசுவார். ‘தூக்கம் எப்படி இருக்கு? வேலைக்குப் போனியாப்பா?’ பேசி முடித்ததும் அவர் எழுதும் மருந்து அந்த வண்டியிலேயே, காசில்லாமல் கிடைக்கும். பார்ப்பதற்குத் தொழில்நுட்ப வித்தை மாதிரி இருந்தாலும், வண்டி வருவதற்கு முன்பே தெருத்தெருவாகப் போய், எந்த வீட்டின் பின்கட்டில் யார் முடங்கிக் கிடக்கிறார்கள் என்று விசாரித்து, வீட்டாரிடம் பேசிச் சம்மதிக்கவைத்த உள்ளூர்க் களப்பணியாளர்கள்தான் இதன் உயிர்நாடி. அவர்கள் இல்லாவிட்டால் பேருந்து காலியாகத்தான் திரும்பியிருக்கும்.

இப்படிப்பட்ட களப்பணியாளர்களால் உண்மையில் பலன் உண்டா என்பதை ‘காப்ஸி’ என்ற ஆய்வு சோதித்துப் பார்த்தது. 2014-இல் லான்செட் இதழில் வந்தது. மகாராஷ்டிரம், கோவா, தமிழ்நாடு ஆகிய மூன்று களங்கள். மனச்சிதைவு உள்ள 282 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதோடு சேர்த்து, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் ஓராண்டு வீட்டுக்கே வந்து போனார். மாத்திரை போட்டாயிற்றா என்று பார்ப்பது, வீட்டாருக்கு நோயைப் புரியவைப்பது, சின்ன வேலை எதையாவது செய்யத் தூண்டுவது, உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பது என்பதெல்லாம் அவர் வேலை. ஓராண்டு முடிவில் இரண்டாம் பிரிவினரின் முடக்கம் குறைந்திருந்தது. மலையைப் புரட்டிய மாற்றம் இல்லை, மிதமான முன்னேற்றம்தான். அதுவும் தமிழ்நாட்டுக் களத்தில்தான் பளிச்சென்று தெரிந்தது. ஆனால், கோபென்ஃபியின் ஒரு மாத விலையில் இப்படியொரு பணியாளருக்குப் பல மாதம் சம்பளம் கொடுத்துவிடலாம்.

மாவட்ட மனநலத் திட்டம் நமக்குப் புதிதல்ல. 1996-இல் நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த நான்கு மாவட்டங்களில் திருச்சி ஒன்று. இன்று திட்டம் மாநிலம் முழுக்க இருக்கிறது. மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கிறது. குறை வேறிடத்தில். ஓ.பி. நாளில் கூட்டம் அலைமோத, ஒருவருக்குச் சில நிமிடம்தான் கிடைக்கிறது. அம்மா மட்டும் நோட்டைக் கொண்டுவந்து காட்டி, ‘அவன் வரமாட்டேங்கிறான் டாக்டர், அதே மாத்திரையைக் குடுங்க’ என்று வாங்கிப்போகிறார். அடுத்த மாதம் அம்மாவும் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய்க் கேட்க ஆளில்லை. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுக்கிறது. வீட்டை விட்டு வெளியே வரமாட்டேன் என்பதே அறிகுறியாக உள்ள ஒரு நோய்க்கு, வாசலுக்கு வரும் வைத்தியம் எல்லாவற்றுக்கும் முன்பே வந்திருக்க வேண்டும்.

வீடே இல்லாதவர்கள்

குடும்பம்தான் மருந்து என்றால், குடும்பம் இல்லாதவர் கதி? கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் இதற்கான விடை படுக்கை படுக்கையாகக் கிடக்கிறது. 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் தொடங்கி, 1871-இல் இப்போதைய இடத்துக்கு வந்த நிறுவனம் அது. 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். பூட்டிவைக்கும் இடமாக இருந்ததை வைத்தியம் பார்க்கும் இடமாக மாற்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஓய்வுபெற்ற பிறகு 1984-இல் ஸ்கார்ஃபைத் தொடங்கிய அவர், 2021-இல் 98 வயதில் காலமானார்.

நோய் தணிந்தும் போக இடமின்றிக் கீழ்ப்பாக்கத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவர்கள் உண்டு. சேர்க்கும்போது கொடுத்த விலாசத்தில் தேடினால், குடும்பம் வீடு மாறிப் போயிருக்கும். 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இவர்களுக்காக ஓர் அருமையான பிரிவைக் கொண்டிருக்கிறது. வீடில்லை, வீட்டார் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அவர் சமூகத்தோடு வாழ அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. சங்கிலி போடுவதையும், மயக்க மருந்து கொடுக்காமல் மின்அதிர்வு சிகிச்சை தருவதையும் 95-ஆம் பிரிவு முற்றாகத் தடைசெய்கிறது. உடல் நோய்க்குள்ள மருத்துவக் காப்பீடு மன நோய்க்கும் உண்டு என்று இன்னொரு பிரிவு சொல்கிறது. ஏட்டளவில் உலகத் தரம்.

19-ஆம் பிரிவு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதைக் காட்டியது சென்னையின் ‘தி பான்யன்’. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தெருவில் திரிந்த பெண்களுக்காக 1993-இல் தொடங்கிய அமைப்பு. இதன் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தில், சாதாரணத் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நாலைந்து பேரைக் குடிவைக்கிறார்கள். உதவிக்கு ஒரு பணியாளர். என்ன குழம்பு வைப்பது என்பதை அவர்களே முடிவுசெய்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டோடு சண்டையும் போடுகிறார்கள். 20 ஆண்டுகள் வார்டில் கிடந்தவர்கள் இப்படி வாழ முடியும் என்று முன்பு சொல்லியிருந்தால் மருத்துவர்களே நம்பியிருக்க மாட்டார்கள். அரசும் 2018 முதல் மாவட்டங்களில் அவசர சிகிச்சை, மீட்பு மையங்களைத் திறந்து, தெருவில் விடப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. அங்கிருந்து வாடகை வீட்டுக்குப் போகும் பாதையை இன்னும் அகலமாகப் போட வேண்டும். அதற்குத் தனியாக நிதி ஒதுக்க வேண்டும்.

அதோடு, வீட்டுக்கு வந்து பார்க்கும் பணியாளரை நிரந்தரப் பதவியில் நியமிக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரின் மருந்துப் பையில் மனச்சிதைவு மாத்திரையும் இருக்க வேண்டும். இவை இரண்டுக்கும் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ஆய்வுகள் முடிந்துவிட்டன, சட்டம் இருக்கிறது, மருந்து மலிவு. கையெழுத்துதான் பாக்கி.

வாசகர்களுக்கு: வீட்டில் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ சில வாரங்களாகத் தூங்காமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு, காரணமில்லாமல் எல்லோரையும் சந்தேகப்பட்டு, படிப்பையும் நண்பர்களையும் விட்டு ஒதுங்கினால், தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். கோயிலுக்குப் போவதென்றால் போங்கள். போகும் வழியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போய் வாருங்கள். சிகிச்சை தொடங்குவது எவ்வளவு தள்ளிப்போகிறதோ, மீள்வது அவ்வளவு கடினம். தேறிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்; நோய் திரும்புவதற்கு முக்கியக் காரணம் அதுதான். கூட்டிப்போக முடியவில்லை, என்ன செய்வதென்றே தெரியவில்லை என்றால், 14416 என்ற எண்ணில் ‘டெலி-மானஸ்’ சேவையை அழையுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.